எந்தக் கை என்று கேட்காமல் பொருத்திய குழாய்

கழிப்பறைப் பொருத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குழாய்க்கு நூல் சுற்றுவது, லெவல் பார்ப்பது, கசிவைக் காதால் கண்டுபிடிப்பது எல்லாம் ஒரு மழைக்காலம் போவதற்குள் உங்களுக்கே வந்துவிடும். அதையெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நான் கேட்க மறந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த எல்லா வருடங்களுக்கும் நாட்குறிப்பு உண்டு. எந்த வீடு, எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எதை மாற்றினேன் என்று எழுதி வைப்பேன். புத்தகம் படிக்கும் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் என்பார் என் மனைவி. நான் சொல்லப்போகும் ஐந்து நாட்களும் அதில் இருக்கின்றன. தொண்ணூறுகளின் கடைசி, பங்குனி மாதம், புதன் முதல் ஞாயிறு வரை. அந்தக் குடும்பத்தார் இன்னும் இருப்பதால் ஆண்டையும் தேதியையும் இங்கே எழுதவில்லை. புதன்கிழமைப் பக்கத்தில் கையெழுத்து நேராக இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தை இப்போது எனக்கே படிக்க முடியவில்லை.

அந்த வருடங்களில் ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூர், நகரிப் பக்கத்துப் பையன்கள் ஹைதராபாத்துக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பும் காசில் முதலில் வீட்டுக்குப் போன் வரும். அடுத்து டைல்ஸ் வரும். மூன்றாவதாக, குந்தி உட்காரும் கக்கூஸை எடுத்துவிட்டு நாற்காலி மாதிரி இருக்கும் வெஸ்டர்னை வைப்பார்கள். திருப்பதியில் தங்கி வேலை பார்த்த எனக்கு அந்த மூன்றாவதுதான் பிழைப்பு. நான் நகரிப் பக்கத்துக்காரன் என்பதால் அங்குள்ள தமிழ் வீடுகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

புதன் காலை ஒன்பது இருபதுக்குப் புத்தூரில் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அந்த வீட்டு அம்மா என்னை நிறுத்திவிட்டார்.

"உள்ள வரதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க தம்பி. அவருக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆவுது. ஒரு காலு, ஒரு கை வெளங்கல. கோலு ஊனிக்கினு எப்டியோ நடக்கிறாரு. மிச்சம் கீற ஒரு கையாலதான் கழுவிக்கிறாரு. கழுவற கையால சோறு துன்ன மாட்டேன்றாரு. ஸ்பூன் குடுத்தா வீசியடிக்கிறாரு. நான் ஊட்டினா வாய இறுக்கி மூடிக்கிறாரு. நான் இன்னா கொழந்தையான்றாரு. டம்ளர்ல கஞ்சி, ரெண்டு பிஸ்கட். அவ்ளோதான். பாதி ஆளாயிட்டாரு."

"கழுவறதுக்கு நீங்க உதவி பண்ணா?"

"கதவத் தாப்பா போட்டுக்கிறாரு."

அமெரிக்காவிலிருந்து மகன் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். திருப்பதியில் நர்சுகள் வைத்து நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பேசி வைத்திருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள அவுரு கையால அவுரு துன்னா இங்க. துன்லன்னா போற வழியில அங்க வுட்டுட்டுப் போயிடுவானாம். முப்பத்தேழு வருசம் ஒண்ணா குந்தி துன்ன ஆளு தம்பி."

பெரியவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குப் பொருந்தாமல் ஒரு பெரிய துண்டைத் தோள் முதல் மடிவரை போர்த்தியிருந்தார். நான் வணக்கம் வைத்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

மகன் நல்ல மனிதர். ஆனால் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் கழுவும் இருக்கை. பொத்தானை அழுத்தினால் வெந்நீர் பீய்ச்சும், காற்று வந்து உலர்த்தும்.

"கை படவே தேவையில்ல மேஸ்திரி. கழுவற கைன்னு ஒண்ணே இருக்காது. அப்புறம் நைனா துன்ன மாட்டேன்னு சொல்ல முடியாது இல்ல?"

யோசனை சரியானது. அது அவருடைய யோசனைதான், என்னுடையது இல்லை. ஆனால் முன்பே வெஸ்டர்ன் வைத்திருந்த குளியலறையைப் போய்ப் பார்த்தேன். வீட்டோடு ஒட்டாமல் முற்றத்தைத் தாண்டித் தனியாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பல்பைத் தவிர மின்சாரம் கிடையாது. பக்கத்தில் பிளக் பாயிண்ட் என்றால் சமையலறைச் சுவரில் மிக்சிக்கு இருப்பதுதான், முற்றத்துக்கு அந்தப் பக்கம். குளிப்பதும் அதே அறையில்தான். நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள். நாள் முழுக்கத் தரை ஈரமாக இருக்கும். பழைய வயரிங், எர்த் கிடையாது. இருக்கையின் அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். நூற்றுப் பத்து வோல்ட் என்று போட்டிருந்தது. நம்முடையது இருநூற்று முப்பது.

"எலக்ட்ரீசியன் ஒத்துக்கிட்டான்," என்றார் மகன். "துணி காயப்போடற கம்பி மேல வயரு இழுத்துடலாம்ன்றான். வோல்ட்டுக்கு ஒரு டப்பா வெச்சிடலாமாம்."

"நான் பொருத்த மாட்டேன் சார்."

"ஏன்?"

"கால் வெளங்காதவரு ஈரத் தரையில நின்னுக்கினு கரண்ட் மேல குந்தப்போறாரு. கரண்ட் புடிச்சா உதறிக்கினு எந்திரிக்கக் கூட முடியாது அவரால."

"அங்க எல்லார் வீட்லயும் வெச்சிருக்காங்க மேஸ்திரி."

"அங்க குளிக்கிற எடம் வேற, இது வேற. காலையில ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட்டு. நைனாவுக்கு அவசரம்னா கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டா போவாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்குக் கோபம் வந்தது. "முடியாதுன்னு சொல்றதுக்கு ஒருத்தர் வேணும்னா நான் உங்கள கூப்பிட்டிருக்க மாட்டேன்," என்றார்.

மின்சாரம் இல்லாமலேயே கழுவும் சாதனங்கள் இருக்கின்றன, தண்ணீர் வரும் வேகமே போதும் என்றேன். வெந்நீர் வருமா என்று கேட்டார். பங்குனியில் நம் ஊரில் தண்ணீரைச் சுட வைக்க வேண்டியதில்லை, ஆற வைக்கத்தான் வழி தேட வேண்டும் என்றேன். கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது செய்ங்க," என்றார்.

அந்த வாதத்தில் ஜெயித்தது எனக்குப் பெரிய திருப்தி. நாட்குறிப்பில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். தவறு அந்த அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டோம் என்ற நிம்மதி வந்ததும் மூளை வேலையை நிறுத்திக்கொள்கிறது.

வியாழக்கிழமை முழுவதும் திருப்பதிக் கடைகளில் அலைந்தேன். மூன்று வழிகள் இருந்தன. கையில் பிடித்து அழுத்தும் ஸ்ப்ரே ஒன்று. அதை ஒரு கையால் பின்னால் கொண்டுபோய்க் குறி பார்க்க வேண்டும். சாயாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாதவருக்கு ஆகாது என்று ஒதுக்கினேன். அது சரியான முடிவு. இரண்டாவது, வெஸ்டர்ன் கிண்ணத்தின் பின்விளிம்பில் நிரந்தரமாகப் பொருத்தும், தண்ணீர் பீய்ச்சும் ஒல்லியான பித்தளை ஜெட். தனியாக ஒரு குழாய்த் திருகு வைத்துத் திறந்து மூட வேண்டும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் சாதாரணப் பொருள். மூன்றாவது, ஒரு கடைக்காரர் சென்னையிலிருந்து வரவழைத்திருந்த வெளிநாட்டுச் சாதனம். இருக்கைக்கு அடியில் நழுவி உட்காரும் வெள்ளைத் தகடு. அதன் ஓரத்தில் பளபளவென்று ஒரு குமிழ்; திருகினால் தண்ணீர் பீய்ச்சும். பெட்டியில் பிடே என்று அச்சடித்திருந்தது.

நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அது அந்தப் பெரியவருக்காகச் செய்த தேர்வு இல்லை. ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்த பெட்டியை வேண்டாம் என்று சொன்ன பிறகு, ஆணிப் பெட்டிப் பக்கத்து ஜெட்டை மகனிடம் நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முகம் கோணாத ஒரு பொருளாக எடுத்தேன்.

வெள்ளி மதியம் பொருத்தி முடித்தேன். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அந்த வெயிலில் அதன் தண்ணீர் கொதிக்கும். அதனால் வேப்பமர நிழலில் இருந்த பழைய சிமெண்ட் மேல்தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். குமிழைத் திருகியதும் தண்ணீர் எழும்பி எதிர்ச் சுவரில் அடித்தது. மகன் தானே ஒருமுறை திருகிப் பார்த்தார். அம்மா திருகிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மூஞ்சி மேலயே அடிக்குது பாரு!" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தோம். பெரியவரை நாங்கள் கூப்பிடவே இல்லை. இந்த விஷயத்தை அப்பாவின் முன்னால் நின்று பேச மகனுக்குக் கூச்சம். கணவனின் முன்னால் அந்நியனிடம் பேச அம்மாவுக்குக் கூச்சம். எனக்கு, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். மகன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாலு மணிப் பேருந்தில் ஏறினேன். ரேணிகுண்டாவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வேலை நன்றாக முடிந்த நாளில் வரும் சோர்வு அன்று வரவில்லை. எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. கருவிப் பையைத் திறந்து எண்ணினேன். எல்லாம் இருந்தது. தொட்டியின் வால்வை நினைத்துப் பார்த்தேன். திறந்துதான் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கடலை விற்ற பெண் பொட்டலத்தை நீட்ட, நான் வலது கையை நீட்டி வாங்கினேன்.

அப்போதுதான் உறைத்தது. குமிழ் வலப்பக்கம் இருந்தது. நான் வலது கையால் திருகினேன். மகன் வலது கையால் திருகினார். அம்மாவும் அப்படித்தான்.

பேருந்திலிருந்து இறங்கி எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அம்மாதான் போனை எடுத்தார்.

"அம்மா, நைனாவுக்கு வெளங்காத கை எந்தக் கை?"

"இன்னா தம்பி இப்போ போயி கேக்கற? சோத்துக் கைதான்."

வலது கை. ஒரு கை விளங்கவில்லை என்று கேட்டதும், மிச்சம் இருப்பது வலது கை என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அந்தத் துண்டுக்கு அடியில் இருந்ததைப் பார்க்கவும் இல்லை.

"உள்ள போய்ப் பாத்தாரா?"

"போனாரு. அரை மணி நேரம் இருந்தாரு. நல்லா கீதுன்னாரு. ராத்திரிக்குக் கஞ்சி போதும்னாரு."

போனை வைத்த பிறகும் பூத்திலேயே நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் அவர் உள்ளே என்ன செய்திருப்பார் என்று நினைக்கவே என்னவோ போல இருந்தது. இடது கையை மடிக்கு மேலாக வலப்பக்கம் கொண்டுபோய், பாதி உடம்பைச் சாய்த்து, எட்டாமல், விழப்போய், பழையபடியே கழுவிக்கொண்டு, வெளியே வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை திருப்பதியில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை ஒப்புக்கொண்டிருந்தது. கூட்ட நாள், ஆறு அறைகளில் தண்ணீர் இல்லை. மேனேஜருக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். தெலுங்கில் அவர் சொன்னதை எழுதினால் இதைப் படிக்கக் கொடுக்க முடியாது. முதல் பேருந்தில் புத்தூர் போனேன்.

மகன் வீட்டில் இல்லை. இல்லத்தில் அப்பாவின் மருத்துவச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவதற்காகத் திருப்பதிக்குப் போயிருந்தார். நான் நேராகக் கூடத்துக்குப் போய்ப் பெரியவரின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"நைனா, தப்பு பண்ணிட்டேன். குமிழு உங்களுக்கு எட்டல இல்ல?"

"நல்லாத்தான் கீது."

"எட்டல."

என் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட இவ போன்ல சொன்னாளா?"

"இல்ல. ரேணிகுண்டா கேட்டுல எனக்கே தெரிஞ்சிச்சி."

"ரயிலு பார்த்துக்கினு இருந்தியா, என் சூத்த நெனச்சிக்கினு இருந்தியா?"

அம்மா உள்ளிருந்து, "இன்னா பேச்சு இது!" என்று கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. துண்டை விலக்கி அந்தக் கையைக் காட்டினார். மடியில் மடங்கிக் கிடந்தது. "எலும்பு ஒடிஞ்சா கட்டு போட நாடே நம்ம ஊருக்கு வருது. எனக்கு நரம்பு போச்சி. போறதுக்கு எனக்கு ஊரு இல்ல," என்றார்.

அந்த வீட்டில் இந்த விஷயத்தை அவரிடமே யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் அவரைச் சுற்றிப் பேசினார்கள். நானும்தான்.

அந்த வெள்ளைத் தகட்டைத் திருப்பிப் போட முடியாது. குமிழ் ஒரு பக்கம்தான். கழற்றி எடுத்தேன். புத்தூர் கடைவீதியில் பித்தளை ஜெட்டும், கால்வாசிச் சுற்றில் திறக்கும் கைப்பிடி வால்வு ஒன்றும் வாங்கி வந்தேன். பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பெரியவரை வேட்டியோடு இருக்கையில் உட்காரச் சொன்னேன்.

"கண்ண மூடிக்கங்க நைனா. பீச்சக் கைய சும்மா செவுத்துப் பக்கம் நீட்டுங்க. தேடாதீங்க. அது எங்க போய் வுழுதோ, அங்க வுழட்டும்."

அவருடைய இடது கை சுவரில் போய்ப் பட்டது. நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே, ஒரு சாண் முன்னால். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். இன்னும் இரண்டு முறை நீட்டச் சொன்னேன். இரண்டு முறையும் அதே இடம். வால்வு அங்கேதான் வந்தது. எந்த அளவுப் பட்டியலிலும் இல்லாத உயரம் அது.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கதவோரம் கோலை ஊன்றி நின்று ஜெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, ஒண்ணு கேக்கறேன். கை வெச்சிக் கழுவாம, தண்ணி மட்டும் பட்டா சுத்தம் ஆயிடுமா?"

அவருடைய உண்மையான கேள்வி அதுதான். மின்சார இருக்கையாக இருந்தாலும், வெளிநாட்டுத் தகடாக இருந்தாலும், இதற்குப் பதில் சொல்லாமல் அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் வாயால் பதில் சொல்லவில்லை. முற்றத்தில் வேப்பமரத்தடி ஈரமண்ணை ஒரு கை அள்ளி, மீந்துபோன டைல்ஸ் துண்டில் அப்பினேன். அதை ஜெட்டுக்கு நேராகப் பிடித்து, வால்வை அவரையே திறக்கச் சொன்னேன். மண் கரைந்து ஓடியது. டைல்ஸ் வெள்ளையாக நின்றது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்து முகர்ந்தும் பார்த்தார்.

"இன்னொரு தபா மண்ணு பூசு. இன்னும் அழுத்தி."

மூன்று முறை பூசினேன். மூன்றாவது முறை அவரே அம்மாவைக் கூப்பிட்டு, "இத பாருடி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனால் திருப்பதியில் இருக்க முடியவில்லை. கசிவு பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பதினொன்றரைக்குப் போய் நின்றேன். கூடத்தில் மகனின் பெரிய பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பை. அதற்குள் பெரியவரின் வேட்டிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மகன் குளியலறை ஜெட்டைப் பார்த்திருந்தார். "இதுக்கா மேஸ்திரி அஞ்சு நாளு?" என்றார். ஆமாம் என்றேன். 

பன்னிரண்டு ஐந்துக்குப் பெரியவர் குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. முற்றத்தில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் பீய்ச்சும் சத்தம், நிற்கும் சத்தம், திரும்பவும் பீய்ச்சும் சத்தம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு பதினாலுக்குக் கதவு திறந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டு, இடது கையைத் தொடையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கோலை ஊன்றி நடந்து போய்க் கூடத்தில் பலகையில் உட்கார்ந்தார்.

"சோறு போடு," என்றார்.

அம்மா தட்டை வைத்தார். சோறும், பப்பு என்று அங்கே சொல்லும் பருப்பும். பழக்கத்தில் ஒரு வாய் பிசைந்து ஊட்டப் போனவரிடம், "எடு கைய," என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கண்ணாலேயே அடக்கினார்.

வாழ்நாளில் சோறு பிசையாத இடது கை. பிசையத் தெரியவில்லை. விரல்கள் சோற்றைக் கூட்டுவதற்குப் பதில் தள்ளின. முதல் கவளம் பாதி வழியில் வேட்டியில் விழுந்தது. இரண்டாவது தாடையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாய்க்குப் போனது. அவர் மெல்லும்போது எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பாதித் தட்டு காலியானபோது, "பப்புல உப்பு கம்மி," என்றார்.

மகன் எழுந்து முன்னறைக்குப் போனார். போன் சுழற்றும் சத்தம் கேட்டது. பிறகு தெலுங்கில் அவர் குரல் வந்தது: அப்பா வரவில்லை, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், ஆமாம், நிச்சயமாகத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பார்கள்.  அவர், "திண்டுன்னாரண்டி," என்றார். சாப்பிடுகிறார் என்று அர்த்தம்.

கூடத்தில் அம்மா உப்பு ஜாடியை எடுக்க ஓடிக்கொண்டிருந்தார்.